பொம்மை என்று சொன்னவன் நான்தான்

போன மாதம் இதே பக்கத்தில், படுக்கையில் இருக்கும் பெரியவரை இரவில் கவனித்துக்கொள்பவர் பொழுதை எப்படித் தள்ளுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். “ஒரு ஸ்விட்ச் கைக்குக் கிடைத்தால் எடுத்து விளையாடுங்கள்” என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். சுவர் ஸ்விட்ச் அல்ல, கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் விளையாடுகிற நின்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் சாதனம். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் வம்புக்கு வந்திருக்கிறார்கள். இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில்.

2017-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் வந்த புதிதில், “கழற்றி மாட்டுவதெல்லாம் டார்ச் லைட்டுக்குச் சரி, விளையாடும் சாதனத்துக்கு எதற்கு? இது பொம்மை” என்று நீங்கள் எழுதியதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். இப்போது அதையே சிபாரிசு செய்கிறீர்கள். என்ன ஆயிற்று உங்களுக்கு?
— கத்தரித்து வைக்கும் பழக்கமுள்ள வாசகர்

மாட்டிக்கொண்டேன். எழுதியது நான்தான். எழுதும்போது அந்தச் சாதனத்தை நான் கையால் தொட்டதுகூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் வந்த அறிமுக வீடியோவையும் பிறகு வந்த அம்சப் பட்டியலையும் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த வீடியோவில் ஒரு பெண் மொட்டைமாடிக் கொண்டாட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்துக்கு யாரய்யா வீடியோ கேமைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

சில வருஷம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பகலில் மனைவி, இரவில் நான். அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார். தண்ணீர் வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், ஒன்றுமில்லை என்றால் மணி என்ன என்று தெரிய வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர் அவர், மணி கேட்கும் பழக்கம் மட்டும் விடவே இல்லை. புத்தகம் எடுத்தால் ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பேன். படம் போட்டால் பாதிக் காட்சியில் எழுந்து போக வேண்டும், திரும்பி வரும்போது மனசு அதில் ஒட்டாது.

மகள் வேலை மாறிப் போகும்போது தன் ஸ்விட்சை அலமாரியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரு ராத்திரி வேறு வழியில்லாமல் அதை எடுத்தேன். ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு’ என்ற ஆட்டம் அதில் ஏற்கெனவே இருந்தது. நாயகன் லிங்க் எந்த மலையிலும் ஏறலாம், ஆனால் ஏற ஏற அவன் தெம்பைக் காட்டும் பச்சை வளையம் தேய்ந்துகொண்டே வரும். தீர்ந்தால் கை விட்டு விழுவான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வளையத்தில் ஒரு கீற்றுதான் பாக்கி, உச்சிக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம். உள்ளேயிருந்து “டேய்!” என்று குரல். சாதனத்தின் மேல் விளிம்பில் இருக்கும் பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன். திரை அணைந்தது. சேமிக்கவா, வெளியேறவா என்று ஒரு கேள்வி கிடையாது. போய், அப்பாவுக்கு வேட்டி மாற்றி, விரிப்பு மாற்றி, கை கழுவி வர இருபது நிமிஷம் ஆனது. மறுபடி தட்டினேன். லிங்க் அதே பாறையில், அதே ஒரு கீற்றுத் தெம்போடு தொங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்துப்போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கேலி செய்த அம்சங்களில் இது இல்லவே இல்லை. பட்டியலில் ‘ஸ்லீப்’ என்று ஒரு சொல்லாக ஓரமாக இருந்திருக்கும், கேலி செய்யும் அளவுக்குக்கூட நான் அதை மதிக்கவில்லை. இது புதுசும் அல்ல. 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸை மடக்கி மூடினாலே அது தூங்கிவிடும். ஆனால் இவ்வளவு பெரிய உலகத்தை, ஒரு மலையில் பாதியில், ஒரு விரலால் நிறுத்தி வைக்கலாம் என்பது ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஓடுகிறவனுக்குத்தான் உறைக்கும்.

அப்படியானால் அன்று நீங்கள் அடுக்கிய குறைகள் எல்லாம் பொய்யா?
— பொறியியல் மாணவர்

எண்கள் எல்லாம் சரி, முடிவுதான் கோணல். 6.2 அங்குலத் திரை, 1280-க்கு 720 புள்ளிகள், உள்நினைவகம் 32 ஜிபி, பேட்டரி ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரையிலிருந்து ஆறரை மணி நேரம். செல்டா என்றால் சுமார் மூன்று மணி நேரம்தான். உள்ளே இருக்கும் என்விடியா டெக்ரா வகைச் சிப்போ 2015-லேயே அறிமுகமானது. “புது டப்பாவில் பழைய சிப்” என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

720 புள்ளிக்கு நான் சிரித்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நீங்கள் மாணவர் என்பதால். 40 அங்குல டிவியில் 1080 வரிப் படம் ஓடினால் அங்குலத்துக்கு 55 புள்ளிதான் வரும். 6.2 அங்குலத்தில் 720 என்றால் அங்குலத்துக்கு 237. டிவியை எட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம், இதை மடியில் வைத்துப் பார்க்கிறோம் என்பது உண்மைதான். இருந்தாலும் நான் பயந்த மாதிரி படம் கட்டம் கட்டமாக உடையவில்லை. டிவியோடு இணைக்கும் ‘டாக்’ என்ற தாங்கியில் செருகினால் சிப் வேகம் கூட்டிக்கொண்டு டிவிக்கு 1080 வரை அனுப்பும், எடுத்தால் குறைத்துக்கொள்ளும். டாக்குக்குள் தனியாக மூளை ஏதும் கிடையாது, வெறும் வழிதான். பேட்டரிக் குறையை அவர்களே 2019-ல் வந்த திருத்திய மாடலில் பெருமளவு சரிசெய்தார்கள். அதில் நாலரையிலிருந்து ஒன்பது மணி நேரம், செல்டா ஐந்தரை.

பழைய சிப் என்று சிரித்ததில்தான் எனக்குக் கூடுதல் வெட்கம். நின்டெண்டோவின் குணமே அது. 1989-ல் அவர்களுடைய கேம் பாய் என்ற கையடக்கச் சாதனம் வந்தபோது அதன் திரையில் நிறம் இல்லை, பின்னால் வெளிச்சமும் இல்லை. அடுத்த வருஷமே போட்டிக் கம்பெனியான சேகா நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கேம் கியரை இறக்கியது. அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய்க்கு நாலு பேட்டரி, அதுவும் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக வரும். எது நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும். கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், நன்றாகப் பழகி விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் யோசிக்காத வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். இதெல்லாம் எனக்கு 2017-லேயே தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

‘எச்டி ரம்பிள்’ என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? அதிர்வு அதிர்வுதானே?
— வாசகர், வம்பு அணி

ஆட்டத்தில் நடப்பதற்கேற்பக் கைப்பிடி அதிர்வதற்கு நின்டெண்டோ வைத்த பெயர் அது. என் கேலிப் பட்டியலில் இதுதான் முதல் வரி. அதிர்வில் என்ன துல்லியம், தலைவலியில் துல்லியமான தலைவலி உண்டா என்று கேட்டிருந்தேன்.

பழைய கைப்பிடிகளில் அதிர்வு வருவது ஒரு குட்டி மோட்டாரால். அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள், சுற்றும்போது உதறும். சுற்றல் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம், நிற்கக் கொஞ்ச நேரம். அதனால் குண்டு வெடித்தாலும் கதவு தட்டினாலும் ஒரே ‘உர்ர்’தான். ஸ்விட்சின் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற கைப்பிடிக்கு ஜாய்கான் என்று பெயர், அதற்குள் சுற்றுகிற மோட்டார் இல்லை. சுருள்வில்லில் ஒரு கனத்தை வைத்து, மின்காந்தத்தால் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். எவ்வளவு பலம், எவ்வளவு வேகம் என்பதையும் தனித்தனியாக மாற்றலாம். அதனால் ஒரு ‘டொக்’கைக்கூடக் காட்ட முடிகிறது.

‘1-2-ஸ்விட்ச்’ என்ற தொகுப்பில் ஒரு சின்ன ஆட்டம் உண்டு. ஜாய்கானை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொண்டு மெல்லச் சாய்க்க வேண்டும். உள்ளே கோலிகள் உருளுகிற மாதிரி கைக்குத் தெரியும். எத்தனை கோலி என்று சொல்ல வேண்டும். எனக்கு எப்போதும் ஒன்று கூடும், இல்லையென்றால் குறையும். ஒரு நாள் அதை அப்பாவின் இடது கையில் வைத்தேன்.

“இதைச் சாய்ச்சுப் பாருங்கப்பா. உள்ள எத்தனை கோலின்னு சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். இடப் பக்கம் சாய்த்தார், நிறுத்தினார், வலப் பக்கம் பாதி சாய்த்து நிறுத்தினார். வாட்சைக் காதோரம் வைத்துக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“மூணு. ரெண்டு ஒட்டிக்கிட்டு வருது, ஒண்ணு பின்னாடி வருது.”

மூன்றுதான். இன்னொரு முறை கொடுத்தேன், அதுவும் சரி. அப்புறம் ஜாய்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ள கோலியே இல்லடா. எவனோ ஏமாத்துறான். ஆனா நல்லா ஏமாத்துறான்.” நாற்பது வருஷம் வாட்சைத் திறந்து பார்த்த மனிதர் கொடுத்த சான்றிதழ் அது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இந்த வயதில் உங்களுக்கு வீடியோ கேம் தேவையா?
— பெயர் போடாதவர்

எந்த வயதில் தேவை என்று எழுதியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு பக்கமும் கழற்றுகிற வசதியை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா? கையை ஆட்டி விளையாடுவது எனக்கு எரிச்சலாக வருகிறது.
— வாசகி, பட்டன் கட்சி

நானும் பட்டன் கட்சிதான் அம்மா. எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் தோள்பட்டை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் கட்சி மாறிவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினால் வலி உயிர் போகும். ஜாய்கானைக் கழற்றி இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, கைகளைத் தொடையோரம் தொங்கவிட்டபடியே விளையாடினேன். இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை என்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது அப்போது தெரிந்தது.

கையை ஆட்டுவது பற்றி ஒரு கதை. செல்டாவில் ஒரு கோயில் அறையில் ஒரு புதிர்ப் பலகை இருக்கிறது. சுவர் சுவராகத் தடுத்த வழியில் ஒரு பந்தை உருட்டிக்கொண்டு போய் வெளியே தள்ள வேண்டும். பட்டன் உதவாது, கையில் இருப்பதைச் சாய்த்தால் பலகையும் சாயும். மூன்று ராத்திரி போராடினேன். முழுச் சாதனத்தையும் கையில் வைத்துச் சாய்க்கும்போது திரையும் சேர்ந்து சாய்கிறது, பந்து எங்கே என்றே தெரியாது. நாலாம் ராத்திரி திரையை மேஜையில் நிறுத்திவிட்டு ஜாய்கானைக் கழற்றிச் சாய்த்தேன். நடுவில் அப்பா கூப்பிட, எழுந்த அவசரத்தில் கை புரண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பலகையும் தலைகீழாகக் கிடக்கிறது. அதன் அடிப்பக்கம் சுவரே இல்லாமல் வழுவழு என்று இருக்கிறது! அதிலேயே பந்தை வாங்கி உருட்டி விட்டேன், வேலை முடிந்தது. இந்தத் தந்திரம் உலகத்துக்கே தெரியும் என்று பிறகு மகள் சொன்னாள். எனக்கு அது என் கண்டுபிடிப்பு.

ஒரு எச்சரிக்கை. ஜாய்கானோடு வரும் கைப்பட்டைகளில் ஒன்றில் கூட்டல் குறி, ஒன்றில் கழித்தல் குறி இருக்கும். ஜாய்கானில் உள்ள பட்டன் குறியோடு சேர்த்துப் பார்த்து மாட்டுங்கள். நான் பார்க்காமல் தலைகீழாகச் செருகி, பட்டை கெட்டியாகச் சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததைப் பார்த்து அப்பா, “பலத்தைக் காட்டாதடா, அது பூட்டு இல்ல” என்றார். அவசரப்படாமல் வந்த வழியே நகர்த்தி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

ஆட்டம் இருக்கும் சின்ன அட்டையை என் பிள்ளை வாயில் வைத்துவிட்டுக் கத்துகிறான். ஏதாவது விஷமா?
— ஒரு தாய்

விஷம் இல்லை, கசப்பு. குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே டெனடோனியம் பென்சோயேட் என்ற பொருளை அதன்மேல் பூசுகிறார்கள். கசப்பிலேயே மகாக் கசப்பு அது. நானும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், ஆராய்ச்சிக்காக. ரொம்ப நேரத்துக்கு வாய் வழிக்கு வரவில்லை. கசக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள், அட்டை தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னது. எட்டாத இடத்தில் வையுங்கள்.

“ஒரு நிமிஷம்மா, சேவ் பண்ணிட்டு வரேன்” என்று என் மகன் அரை மணி நேரம் ஓட்டுகிறான். நிஜமாகவே நடுவில் நிறுத்த முடியாதா?
— இன்னொரு தாய்

தனியாக விளையாடும் ஆட்டம் என்றால் நிறுத்தலாம். அந்தப் பவர் பட்டனை நீங்களே ஒரு தட்டுத் தட்டலாம், ஒன்றும் அழியாது. அந்தச் சாக்கு இனி செல்லாது. ஆனால் ஆன்லைனில் மற்றவர்களோடு மோதிக்கொண்டிருந்தால் தூங்கவைத்த உடனே தொடர்பு அறுந்துவிடும், கூட விளையாடுகிறவர்களுக்கும் கடுப்பு. அங்கே அந்தச் சுற்று முடியும்வரை விடுவதுதான் நியாயம். எத்தனை நிமிஷம் ஆகும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் பெற்றோருக்கான செயலி ஒன்றும் இருக்கிறது, அதில் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். நேரம் முடிந்ததும் அது எச்சரிக்கை மட்டும் காட்டும். ஆட்டத்தையே நிறுத்த வேண்டுமானால் அதற்கென்று உள்ள தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். பல வீடுகளில் அதை இயக்காமலே ‘செயலி வேலை செய்யவில்லை’ என்கிறார்கள்.

அட்டையை நண்பனுக்குக் கடன் கொடுத்தால் நான் விளையாடிய கணக்கெல்லாம் போய்விடுமா?
— பள்ளி மாணவன்

போகாது. சேமித்தது அட்டையில் இல்லை, உன் சாதனத்தின் உள்நினைவகத்தில் இருக்கிறது. தாராளமாகக் கொடு. அட்டை திரும்பி வருமா என்பது உன் நண்பனைப் பொறுத்தது.

அப்படியானால் எந்தப் புது அம்சமும் பழகினால் பிடித்துப்போகும் என்கிறீர்களா?
— கத்தரித்து வைக்கும் அதே வாசகர்

நீங்கள் என்னை விடுவதாக இல்லை. அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் என்று 2011-ல் இதே நின்டெண்டோ 3டிஎஸ்ஸை விற்றது, 2013-ல் அந்த முப்பரிமாணத்தை எடுத்துவிட்டு 2டிஎஸ் என்று ஒன்றை இறக்கியது. மைக்ரோசாஃப்ட் 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற விளையாட்டுச் சாதனத்தோடு, உடலசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமராவைச் சேர்த்தே கொடுத்தது, அடுத்த வருஷமே கேமரா இல்லாமல் விற்க ஆரம்பித்தது. அன்று இவற்றைச் சந்தேகப்பட்டவர்கள் தங்கள் கத்தரிப்புகளைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்விட்சிலும் நான் மாறாத இடங்கள் உண்டு. வலது ஜாய்கானின் அடியில் ஓர் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. ‘ரிங் ஃபிட் அட்வெஞ்சர்’ உடற்பயிற்சி ஆட்டத்தில் அதன்மேல் கட்டைவிரலை வைத்தால் நாடித் துடிப்பைக் கணக்கிடும். அது சரி. அது தவிர எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜாய்கானில் திசை காட்டத் தள்ளுகிற சின்னக் குச்சியை, அதாவது ஸ்டிக்கை, தொடாமலே அது தானாக நகரும் சிக்கல் உலகம் முழுக்கப் புகாராகி, 2020-ல் நின்டெண்டோவின் தலைவரே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. என் 2017 பட்டியலில் அது இல்லை. நான் அடுக்கிய குறைகளில் பாதி என்னைத் தொந்தரவு செய்யவில்லை, நிஜமான குறை என் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. அலமாரியில் போட்டு வைத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம். என் மகள் விட்டுப் போனது பிழைத்துக்கொண்டது அதிர்ஷ்டம்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் ஜாய்கானைப் பக்கவாட்டில் நிறுத்தி மவுஸ் மாதிரி நகர்த்தலாமாமே? உங்கள் கருத்து?
— வாசகர்

கேள்விப்பட்டதும் சிரித்துவிட்டேன். மேஜையில் தேய்க்கலாம், மேஜை இல்லாவிட்டால் தொடையில்கூடத் தேய்க்கலாம் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் மவுஸை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து விளையாடுகிறவன் தொடைக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? எனக்குப் புரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். இடது கைக்கு அது சரியாக வருமா என்று மட்டும் கேட்டார். இரண்டு ஜாய்கானிலும் அந்த வசதி உண்டு என்றேன். “அப்பக் கொண்டா பாக்கலாம்” என்கிறார்.

இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அதுவரை என் கருத்து, தேவையில்லாத வேலை என்பதுதான். கத்தரிக்கோல் வைத்திருப்பவர் இந்தப் பத்தியையும் வெட்டித் தேதி போட்டு வைத்துக்கொள்ளலாம்.